கழித்துப் போட்ட பீடி

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம், "ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலியா?" என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வாள். பீடிக்குக் கூலி ஆயிரக் கணக்கில். ஆயிரம் பீடியை யார் சுற்றினாலும் ஒரே விலை. கடையின் நோட்டில் ஆண் பெண் என்று தனித்தனிப் பத்தி கிடையாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 39(ஈ) பிரிவு சொல்வது எங்கள் ஊர்த் தெருக்களில் எப்போதோ நிறைவேறிவிட்டது என்றே வெளியூர்க்காரர் நினைப்பார். ஆனால் அந்த ஆயிரத்தைச் சுற்றும் கைகள் அத்தனையும் பெண்களின் கைகள். பக்கத்தில் உட்கார்ந்து அதே பீடியைச் சுற்றும் ஆண் இல்லை. எடை போடுபவர், தரம் பார்ப்பவர், லேபிள் ஒட்டும் இடத்தை மேற்பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லோரும் ஆண்கள், அவர்களுக்குச் சம்பளம் மாதக் கணக்கில். ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாத இடத்தில் சமத்துவத்தை எதை வைத்து அளப்பது? பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் செய்யும் எனக்குப் பல வருடமாக உள்ள கேள்வி இது. கேள்வியை எனக்குத் தந்தவர் என் உம்மா.

உம்மாவுக்கு முந்திய தலைமுறையில் எங்கள் ஊர் தறி ஊர். வாப்பாவின் வாப்பா கைத்தறியில் கைலி நெய்தவர். தறியில் உட்கார்ந்தவர் அவர். நூலைப் பிரித்துத் தார் சுற்றியது, கஞ்சி போட்டது, பாவோட உதவியது எல்லாம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். கூலி தறிக்காரர் பெயரில் வரும். பெண் செய்த வேலைக்குத் தனிக் கூலி என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் அதை வேலை என்று யாரும் எண்ணவில்லை. விசைத்தறி வந்து கைத்தறி ஒடுங்கியது. ஆண்கள் வியாபாரத்துக்கும் பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். அந்த இடைவெளியில் மத்தியப் பிரதேசக் காட்டு இலையும் குஜராத், கர்நாடகப் புகையிலையும் எங்கள் வீட்டு நடுக்கூடத்துக்கு வந்தன. எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பெயர் கூலிக் கணக்கில் முதன்முதலில் எழுதப்பட்டது பீடிக்கடை பாஸ் புத்தகத்தில்தான். அந்தப் பாஸை உம்மா குர்ஆன் வைத்திருந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார்.

ஆனால் அந்தப் பாஸ் கைக்கு வர நாளாயிற்று. ஆரம்பத்தில் உம்மா பக்கத்து வீட்டுச் சாச்சியின் பாஸில்தான் சுற்றினார். இலையும் தூளும் சாச்சி பெயருக்கு வரும், பீடி சாச்சி பெயருக்குப் போகும், வைப்பு நிதிப் பிடித்தமும் சாச்சி பெயரில் ஏறும். சாச்சி நல்லவர், கூலியில் ஒரு பைசா குறைத்ததில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த வருடங்களில் என் உம்மா எந்த வேலையும் செய்யவில்லை. இன்றைக்கும் ஊரில் இப்படி இன்னொருத்தி பாஸில் சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு எந்த அலுவலகக் கணக்கிலும் அவர்கள் பெயரில் ஏறுவதில்லை.

வேலையைச் சொல்லாமல் சட்டத்தைச் சொன்னால் விளங்காது. கடையில் எடை போட்டுத் தந்த இலையை ராத்திரி நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் உம்மா தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்ட ஆரம்பிப்பார். நரம்பு தடித்த இலை, ஓட்டை இலை, காய்ந்து நொறுங்கிய இலை எல்லாம் வெட்டும்போதுதான் தெரியும். பிறகு மடியில் தட்டு. தூளை அளவாக வைத்து, உருட்டி, நூலால் கட்டி, தலையை மடக்க வேண்டும். தலை மடக்குவது எங்கள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் உட்காருவோம். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. "ஏளா, எண்ணிப் பாத்தியா? ஒண்ணு கொறஞ்சாலும் கட்டையே தள்ளிருவான்" என்பார் உம்மா. இருமல் எப்போதும் இருந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில்கூடப் புகையிலை வாடை அடிக்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாத வேலைகளின் பட்டியலில் பீடி தயாரிப்பும் இருந்தது. ஆனால் குடும்பத்தின் உதவியோடு நடக்கும் வேலைக்குத் தடை பொருந்தாது என்று அதே பிரிவில் விலக்கும் இருந்தது. எங்களைப் போன்ற பிள்ளைகள் எல்லோரும் அந்த விலக்குக்குள் உட்கார்ந்து தலை மடக்கினோம்.

சாயந்தரம் கடை. வரிசையில் பெண்கள் தட்டோடு நிற்பார்கள். தரம் பார்ப்பவர் கட்டை எடுத்து அமுக்கிப் பார்ப்பார், இரண்டைப் பிரிப்பார், சிலவற்றைத் தனியே எறிவார். எறிந்ததுக்குக் கூலி இல்லை. திருப்பியும் தரமாட்டார்கள். ஒருநாள் உம்மா கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

"அண்ணாச்சி, இலை நீங்க குடுத்த இலைதான? நொறுங்குனா நான் என்ன செய்யட்டும்?"

"இலைய எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா குடுக்கோம். மத்தவங்களுக்குத் தேறுதுல்லா?"

"அப்ப கழிச்ச பீடியையாவது தாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த தட்டை இழுத்தார். உம்மாவும் அதற்குமேல் பேசவில்லை. பேசினால் மறுநாள் இலை குறையும் என்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். எடையில் வந்த இலை ஆயிரத்துக்குப் பற்றாமல் போனால் கைக்காசில் வெளியே இலை வாங்கி ஆயிரத்தை நிரப்ப வேண்டும். கூலியில் எவ்வளவு இப்படிக் கரைந்தது என்று உம்மா கணக்குப் பார்க்கவே மாட்டார்.

சட்டக் கல்லூரியில் தொழிலாளர் சட்டம் படித்தபோது அந்தக் கழிவு எனக்கு வேறொரு வடிவில் தென்பட்டது. 1958-ல் சிந்தாமன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைத்தரகராக இருந்த சட்டேதார்களும் அவர்களிடம் பீடி சுற்றியவர்களும் முதலாளியின் தொழிலாளிகள் அல்ல, தரகர்கள் சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள் என்று சொன்னது. அதே 1958-ல் சென்னை மாநிலம் பீடித் தொழிலகங்களுக்கு என்று தனிச் சட்டம் போட்டது. சட்டம் தொழிலகத்தைக் கட்டுப்படுத்தினால் வேலை வீட்டுக்குப் போய்விடும் என்பதைப் பீடித்தொழிலின் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டியது. சுவருக்குள் வேலை நேர வரம்பு, கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் என்று சட்டம் கேட்டது. சுவரே வேண்டாம் என்று முதலாளிகள் தட்டைத் தூக்கிப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டார்கள். சேலம் பீடித் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனது. 1960-களின் நடுவில், நடுவில் நிற்கும் ஏஜென்ட் பெயரளவுக்குத்தான், வீட்டில் சுற்றுபவர்களுக்கு உண்மையான முதலாளி கம்பெனிக்காரரே என்ற தீர்ப்பை அது பெற்றது. தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்று நாட்டுக்கே வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து வந்தது 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். முதலாளியோ ஒப்பந்ததாரரோ தரும் மூலப்பொருளை வீட்டில் வைத்துப் பீடி செய்பவரும் தொழிலாளிதான் என்று அது வெளிப்படையாக எழுதியது. சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பேறுகாலச் சலுகையும் வீட்டுத் தொழிலாளிக்கு உண்டு. வீட்டு வேலையாளுக்கு மற்றத் தொழிலாளிக்குச் சமமான உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது 1996-ல். அதற்கு முப்பது வருடம் முந்தியே இந்திய நாடாளுமன்றம் பீடிப்பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா சங்கம் அந்த உடன்படிக்கைக்காக ஜெனிவாவில் பாடுபட்டது. பின்லாந்தும் அயர்லாந்தும் ஏற்றன. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. முன்னோடிச் சட்டம் எழுதிய நாடு, அதையே உலக விதியாக்கும் தாளில் கையெழுத்துப் போடத் தயங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1966 சட்டத்தை நிறைவேற்ற முனைந்தபோது என்ன நடந்தது என்பதற்குக் கண்ணூர் சாட்சி. கேரள அரசு சட்டத்தை அமல்படுத்தப் போகிறது என்றதும், மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கம்பெனி 1968-ல் கேரளத்தில் தன் வேலையை நிறுத்தியது. சுமார் 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் வேலை. நாடுகளுக்கு இடையே மூலதனம் ஓடுவதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் தொழிலில் அது மாநிலத்துக்கு மாநிலம் ஓடியது. கேரளத் தொழிலாளிகள் 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அரசு கைகொடுத்தது. வைப்பு நிதி, போனஸ், விடுப்பு எல்லாம் தந்துகொண்டே பீடியை விற்க முடியும் என்று அவர்கள் பல வருடம் நடத்திக் காட்டினார்கள். சட்டப்படி கொடுத்தால் தொழில் அழிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்பட்டதற்கு அதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

பீடி முதலாளிகள் 1966 சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நூற்றுக்கு 5-க்கு மேல் சாதாரணமாகக் கழிக்கக் கூடாது என்று மைசூர், மகாராஷ்டிர விதிகளில் இருந்த கட்டுப்பாட்டையும் நீதிமன்றம் ஏற்றது. 1977-ல் வைப்பு நிதிச் சட்டம் பீடித்தொழிலுக்கு விரிந்தது. வீட்டில் சுற்றுபவளுக்கு வைப்பு நிதி எப்படிப் பொருந்தும், அவளை யார் மேற்பார்க்கிறார்கள், அவள் எப்போது வேண்டுமானாலும் சுற்றுகிறாள் அல்லவா என்று மறுபடியும் வழக்கு. 1985-ல் பி.எம். படேல் வழக்கில் வந்த தீர்ப்பைப் படித்துவிட்டு நூலகத்தில் நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும் கட்டுப்பாடு அல்ல, முடிந்த பொருளைத் தரமில்லை என்று தள்ளும் அதிகாரமே கட்டுப்பாடுதான் என்று நீதிமன்றம் கண்டது. தள்ளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் முதலாளி. தள்ளப்படும் பொருளைச் செய்தவள் தொழிலாளி. சாயந்தரம் தட்டிலிருந்து எறியப்பட்ட பீடிதான் என் உம்மாவுக்கு வைப்பு நிதி உரிமையை நிரூபித்த சாட்சி.

அந்தத் தீர்ப்பைப் பற்றி உம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அவன் கழிக்காம இருந்திருந்தா எனக்குப் பி.எஃப். கெடையாதா?" என்று கேட்டார். எளிய கேள்வி இல்லை அது. பெண்ணின் உழைப்பை உழைப்பென்று சட்டம் ஒப்புக்கொள்ள, ஒரு ஆணின் கை அதைத் தள்ளிக் காட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் உழைக்கும் பெண்களின் கூலிப் போராட்டம் இங்கிலாந்தில் இதற்கு முன்பே நடந்திருக்கிறது. கிரேட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்தார்கள். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வைக்க வாரியங்களை அமைத்தது. சங்கிலித் தொழில் அவற்றில் ஒன்று. கூலி உயர்ந்ததும் முதலாளிகள் பெண்களிடம், இந்தக் கூலி எங்களுக்கு வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லித் தாளை நீட்டினார்கள். மேரி மக்ஆர்தர் தலைமையில் அந்தப் பெண்கள் 1910-ல் பத்து வாரம் வேலையை நிறுத்திக் கூலியை வென்றார்கள். பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்காகப் பிறக்கவில்லை, எங்கள் உம்மாக்களைப் போல வீட்டில் கூலிக்கு உழைத்த பெண்களுக்காகப் பிறந்தது. இன்று அங்கே 1998-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டுத் தொழிலாளியைத் தனியே குறிப்பிட்டு உள்ளே சேர்க்கிறது.

நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐ.நா. பெண்கள் ஆண்டான 1975-ல் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் முழுச் சட்டமான சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒரேவிதமான வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்றது. இந்தியா 1958-லேயே ஏற்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கை சொல்வது அதைவிடப் பெரியது. ஒரே வேலை வேண்டியதில்லை, மதிப்பில் சமமான வேலையாக இருந்தால் போதும், ஊதியம் சமமாக வேண்டும் என்கிறது அது. இந்த இடைவெளியை அந்த அமைப்பின் நிபுணர் குழு பல முறை சுட்டியிருக்கிறது. 1987-ல் மக்கினன் மக்கென்சி வழக்கில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல முடிந்தது, அதே கம்பெனியில் ஆண் சுருக்கெழுத்தாளர்களும் இருந்ததால். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஆண் எங்கே? விரல் நுனியின் சாதுரியம், பார்வையின் கூர்மை, பத்து மணி நேரம் குனிந்திருக்கும் முதுகு எல்லாவற்றுக்கும் என்ன மதிப்பு என்று கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் ஆணின் வேலையோடு வைத்துப் பார்க்க 1976 சட்டத்தில் வழி இல்லை. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் அதே பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது.

வழி உண்டு என்று நியூசிலாந்து காட்டியது. கிறிஸ்டின் பார்ட்லெட் என்பவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவர். அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெண்கள் செய்யும் வேலை என்பதாலேயே கூலி குறைந்துகிடக்கிறது, ஆண்கள் நிறைந்த வேறு தொழிலோடு ஒப்பிடுங்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. 2017-ல் அரசு சுமார் 55,000 பராமரிப்புத் தொழிலாளிகளுக்குக் கூலியை உயர்த்தியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1987-லேயே இதற்குச் சட்டம் செய்து, பெண்கள் மட்டுமே உள்ள இடத்தை வேறு நிறுவனத்தோடு ஒப்பிடும் முறையை 1993-ல் சேர்த்தது. ஆனால் நியூசிலாந்து நாடாளுமன்றம் 2025 மே மாதத்தில் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி, நிலுவையில் இருந்த 33 கோரிக்கைகளை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. வென்ற உரிமையைக் காவல் காக்க ஆளில்லாவிட்டால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் உழைத்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்றே அரசு நிர்ணயித்தது. கொழுந்து பறித்தது பெண்தான். ஆண் பெண் கூலி அங்கே சமமானது 1984-ல். தாமிரபரணி பிறக்கும் மலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் தினக்கூலியை உயர்த்தக் கேட்டுப் போராடினார்கள். 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் தடியோடு ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உண்டு. கொக்கிரகுளம் எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தூரம். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் தட்டு மடியில் ஏறவில்லை.

தலை மடக்கிய தம்பி வளர்ந்து சவுதிக்குப் போனான். வேலைக்கு எடுத்த கஃபீல் கையில் பாஸ்போர்ட், இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியும் அவர் தயவில். "அங்க ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டப் பாத்துத்தான் சம்பளம், லாத்தா" என்பான். அது வெறும் புலம்பல் அல்ல. சவுதியில் 4,000 ரியால் என்ற அளவு, கம்பெனியின் சவுதிமய விகிதத்தில் ஒரு சவுதிக் குடிமகனை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்கத்தான். வெளிநாட்டுக்காரனுக்கு அப்படி ஒரு தரைமட்டம் அங்கே இல்லை. கத்தார் மட்டும் 2021 மார்ச்சிலிருந்து எந்த நாட்டவர் ஆனாலும், வீட்டு வேலைக்காரர் ஆனாலும், மாதம் 1,000 ரியால் அடிப்படை ஊதியம் என்று சட்டம் வைத்திருக்கிறது. தொகை சிறியது. ஆனாலும் குடிமகன், அந்நியன் என்று பிரிக்காமல் வைத்த அளவுகோல் அது. எங்கள் வீட்டில் உம்மாவுக்குக் கூலியைக் குறைத்தது வீட்டுச் சுவர். தம்பிக்குக் குறைத்தது தேச எல்லை.

இப்போதைய நிலைக்கு வருவோம். 1976-ல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம், பீடியின் மீது வசூலித்த தீர்வையிலிருந்து ஆஸ்பத்திரி, வீட்டுக்கடன், பிள்ளைகளுக்குப் படிப்புதவி என்று தந்தது. முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி அதனால் வந்தது. என் பள்ளிக்கூடச் சீருடையும் நோட்டும் அந்த உதவித்தொகையில் வாங்கியவை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை ஒழிக்கப்பட்டது. பீடிக்கு 28 சதவீத வரி போட்டார்கள். ஆனால் அந்த வரியில் பீடிப்பெண்ணுக்கு என்று ஒதுக்கிய பங்கு இல்லை. அவள் இனி ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டின் தயவை எதிர்பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1966 சட்டமும் 1976 சம ஊதியச் சட்டமும் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. பீடிக்கென்று சில பிரிவுகள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் உண்டு, தொழிலகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் வீட்டில் சுற்றுபவளைத் தொழிலாளி என்று வெளிப்படையாகச் சொன்ன பழைய வாசகம் ஊதியத் தொகுப்பில் அப்படியே இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ வீட்டிலிருந்து வேலை செய்பவரை அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் வைக்கிறது. நாளைக்கு ஒரு முதலாளி நீதிமன்றத்தில், இவள் என் தொழிலாளி அல்ல, அமைப்புசாரா வீட்டு உழைப்பாளி, நலத்திட்டத்துக்கு அரசிடம் போகட்டும் என்று வாதாடினால், 1958-ல் தொடங்கிய வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டி வரும். சலுகை வேறு, உரிமை வேறு. வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு அவளுக்கு உரிமை.

தொழிலே சுருங்குகிறது என்பதும் உண்மை. பாஸ் உள்ள பெண்களுக்கும் வாரத்தில் எல்லா நாளும் இலை கிடைப்பதில்லை. இளம்பெண்கள் தட்டை எடுப்பதில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். புகையிலையால் மனிதர் சாகிறார்கள், அது குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இந்தியா 2004-ல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளிகளுக்குப் பிழைக்கத்தக்க மாற்று வேலை தர அரசுகள் முயல வேண்டும் என்கிறது. பீடிக்கட்டின் மேல் பெரிய எச்சரிக்கைப் படம் வந்துவிட்டது. பீடியைச் சுற்றியவளுக்கு மாற்று வேலை வரவில்லை. என் சாச்சியின் பேத்தி வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி விற்பனையாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்ற பிறகு அவள் கடையில் முக்காலி போட்டார்கள். கேரளம் அதை 2018-லேயே செய்தது. உம்மாவுக்கு உட்கார்ந்தே முதுகு போயிற்று, இவளுக்கு நின்றே கால் வீங்கியது. சட்டம் வந்ததால் இவளுக்கு ஒரு முக்காலியாவது கிடைத்தது.

தமிழ்நாடு அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளுக்கான விதிகளில், முதலாளியோ ஏஜென்ட்டோ தரும் இலையை வீட்டில் சுற்றுபவர் அந்த நிறுவனத்தின் தொழிலாளியே என்று பழைய சட்டத்தின் தெளிவோடு எழுத வேண்டும். கழிவுக்கு வரம்பு வேண்டும், கழித்த பீடியைச் சுற்றியவளிடமே திருப்பித் தர வேண்டும். பெண்கள் மட்டுமே செய்யும் வேலையை, மதிப்பில் சமமான வேறு வேலையோடு ஒப்பிட்டுக் கூலி நிர்ணயிக்கக் குறைந்தபட்சக் கூலிக் குழுவுக்கு அதிகாரம் வேண்டும். ஊரில் இன்னும் அடுத்தவர் பாஸில் சுற்றிக்கொண்டிருக்கும் உம்மாக்களிடமும் ராத்தாக்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உங்கள் பெயருக்கே பாஸ் கேளுங்கள், வைப்பு நிதி எண்ணைக் கேளுங்கள், மறுத்தால் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, அதற்கு ரசீது வாங்கி வையுங்கள்.